ஜெயந்தனுக்கு ஓர் இடம்

1

இந்தக் கதை எனக்கு வாவிக்கரை நடைபாதையில் கிடைத்தது. நம்பாவிட்டால் போங்கள். வாவி முதலையொன்று வரிசையில் நின்று வாக்குப் போட்டதாக நான் சொன்னதையே நம்பிய ஊர் இது.

முதல் வரி: "நகரம் ஒரு முதலையைப்போல எங்கள் தில்லைவட்டையை—"

(வேண்டாம். முதலை பசி தீர்ந்தால் நிறுத்தும்.)

2

தில்லைவட்டை பழைய ஊர். இப்போது மட்டக்களப்பு நகரத்தின் ஓர் ஓரம். எங்கள் மயானத்தில் பெயர்க்கல் நடும் வழக்கமில்லை. மணலைக் குமியலாகக் கூட்டிவிடுவோம். எந்தச் செடிப்பற்றையடியில் யார் கிடக்கிறார் என்பது அந்தந்தக் குடிக்குத் தெரியும்.

நகரத்திலிருந்து காணி அளக்க வருகிறார்கள் என்றதும் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் நல்லரத்தினம் பதறினார்.

"ஆக்கள் வாற இடம். பத்தையும் குமியலுமாக் கிடந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பானுகள்?"

ஊரே திரண்டது. பற்றைகளை வெட்டினோம். குமியல்களை இழுத்துச் சமன்செய்து, திருவிழாவுக்குப்போல வெள்ளை மணல் பரப்பினோம்.

வந்தவர்களிடம், "இது எங்கட மயானம்" என்றோம்.

"எங்கே?" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தோம். மணல்.

பிறகு அதன்மேல் நடைபாதை வந்தது, விளக்குக் கம்பங்களோடு.

3

அன்னப்பூரணி எனக்கு மச்சாள் முறை. வாவியில் தோணி கவிழ்ந்து செத்த அவள் மகன் ஜெயந்தன் அந்த மணலுக்குள் எங்கோ கிடக்கிறான். இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பந்தி எழுதினேன். அதைக் கோடிட்டு அடித்துவிட்டேன். அவள் அழுவதில்லை, காலையில் நடக்க வருகிறாள்.

"மச்சான், கதை எழுதிறீங்களாம்."

"ஓம் மச்சாள்."

"அதில என்ட புள்ளைக்கு ஒரு இடம் வையுங்களன். நடக்கக்குள்ள அவன்ட நெஞ்சில மிதிக்கிறனோ எண்டு காலெல்லாம் கூசுது."

"எங்க வைக்க?"

"எங்கயெண்டாலும். உங்கட முதலைய நம்பின நான் இத நம்பமாட்டனா?"

4

முடிவு ஒன்று: நகரம் மன்னிப்புக் கேட்டு— (புளுகுக்கும் ஓர் அளவுண்டு.)

முடிவு இரண்டு: அவளும் கண்மூடி, மகன் பக்கத்தில்— (எந்தப் பக்கத்தில்?)

முடிவு மூன்று: வளைவிலுள்ள கம்பத்தடியில் ஜெயந்தன் கிடக்கிறான் என்று எழுதி, வண்ணக்கருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதில என்ட பொஞ்சாதியெல்லோ கிடக்கிறா," என்றார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

அவர் விரல்விட்டுக் கம்பங்களை எண்ணினார், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். நான் அந்த வரியை அடித்தேன். வேறோர் இடம் எழுதினேன். அங்கே யாருடைய தாய் கிடக்கிறாளோ? அதையும் அடித்தேன்.

என்னால் முடியாது. நீங்கள் வெளியூர், அந்த மணலுக்குள் உங்களுக்கு ஒருவருமில்லை. காலையில் ஒருமுறை நடக்க வாருங்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பவள் அன்னப்பூரணி. மகன் எங்கே என்று அவள் கேட்டால் யோசிக்காமல் கையை நீட்டி, ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள்.