இடுப்பை விட்டு இறங்காத ரோபோ

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த ரோபோக் குழந்தையை ஆராய்ச்சி மாணவி சரிதா நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்ததே ஒரு காரியத்துக்காகத்தான். எட்டு மாதப் பிள்ளை அளவு. கண்ணில் கேமரா, மூட்டுக்கு மூட்டு மோட்டார். அதற்குத் தவழச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அதுவாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மனிதக் குழந்தை தவழக் கற்கிற விதம் அதில் பிடிபடும் என்பது ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை பேராசிரியர் சிவசங்கர் வந்து பார்க்கும்போது தவழாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும், பக்கத்து வீட்டில் சாமியம்மாள் இல்லாதிருந்தால். சரிதா அதைப் பாயில் விட்டு, எட்டாத தூரத்தில் கிலுகிலுப்பையை வைப்பாள். எட்டவில்லை என்றதும் அது சிணுங்கும். சிணுங்கல் காதில் விழுந்தால் சாமியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் ஓடிவந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். கிலுகிலுப்பையையும் கையில் கொடுத்துவிடுவாள். பிறகு தவழ வேண்டும் என்று அதற்கென்ன தலையெழுத்தா?

"அத்தை, அது மெஷினு. தூக்காதீங்க."

"இருக்கட்டுமே. தரையில கெடந்து அழுவறத பாத்துகினு எப்பிடிடி இருக்கறது? ஷிப்ட் முடிஞ்சு வர்ற உங்க மாமாகூட இத தூக்காம வூட்டுக்குள்ள போறதில்ல."

போதாததற்குக் கன்னத்தில் மைப்பொட்டு வேறு. சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு யாராவது தொட்டீங்கன்னா என் படிப்பே போச்சு!"

சாமியம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "தொடலம்மா" என்று போய்விட்டாள்.

மறுநாள் பேராசிரியர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனசு கேட்காமல் சாமியம்மாளும் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றாள். ரோபோ கிலுகிலுப்பையைப் பார்த்துச் சிணுங்கியது. யாரும் வரவில்லை. வீறிட்டு அழுதது. சாமியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சரிதாவே ஓரடி முன்னே வைத்து நின்றுவிட்டாள்.

திடீரென்று அழுகை நின்றது. ஒரு கை முன்னே வந்தது. அப்புறம் ஒரு முட்டி.

"தவழுது!" பேராசிரியர் எழுந்தே விட்டார். "ஆமா, பொம்மைய விட்டுட்டு எங்க போகுது?"

அது கிலுகிலுப்பையைத் தாண்டி நேரே வாசலுக்குப் போனது. சாமியம்மாளின் காலடியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கியது. தூக்கச் சொல்லி அப்படிக் கை நீட்ட யாரும் அதற்கு புரோகிராம் எழுதவில்லை.

சாமியம்மாள் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கண் கலங்கிப்போய்ச் சரிதாவைப் பார்த்தாள்.

"நான் தொடல சரிதா. அதுவாத்தான் வந்துச்சு."

சரிதா தலையாட்டினாள்.

"தூக்குங்க அத்தை" என்றாள்.