மூன்றடிக் கடல்

முன்னறையில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள், பழைய காலுறையில் முடிந்து தொங்கவிட்ட பச்சை இறால் ஒன்று ஒன்பது நாளாக அழுகிக்கொண்டிருந்தது. தவறி விழுந்த இறால் இல்லை. பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலத் தையல்காரியின் கணவர் தன் கையாலேயே பார்த்துப் பார்த்துப் போட்டது. கதவைத் திறந்தால் போதும், அந்த நாற்றம் வந்து முகத்தில் அறையும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"அதை எடுத்து வெளியதான் போடுங்களேன். மனுஷி மூச்சு விட வேண்டாமா?"

"அழுகணும். அழுகினாத்தான் தண்ணிக்குள்ள நல்ல கிருமி வளரும். கிருமி வளர்ந்தாத்தான் நாளைக்கு மீன் சாகாது. அந்தக் கிருமியைக் கடையில பாட்டில்ல அடைச்சு விக்கிறான், ஆனை விலை சொல்றான். நமக்கு ஒத்த இறால்ல வேலை முடிஞ்சுது."

"கிருமி வளர்க்க ஒரு ரூமு! அதை வளர்க்கறதுக்கு என் ரூமுதான் கிடைச்சுதா?"

அவள் ரூமுதான். ஆறு வருஷமாக அவள் தையல் மெஷின் அந்த அறையின் ஜன்னலோரம்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் வந்து உட்கார ஒரு பெஞ்சு, அளவு பார்க்க ஆளுயரக் கண்ணாடி, தைத்து முடித்த துணிகளைத் தொங்கவிட ஒரு கம்பி. இப்போது மெஷின் குளியலறைக்குப் பக்கத்து நடைபாதையில் கிடந்தது. அங்கே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. வருகிறவர்கள் நின்றுகொண்டே அளவு கொடுத்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் அந்தப் பணக்கார வீட்டால் வந்த வினை. அவர் ஏசி மெக்கானிக். ஏசி பழுது பார்க்கப் போன ஒரு வீட்டில் சுவர் அகலத்துக்குக் கடல்நீர்த் தொட்டி, அதற்குள் பவளமும் மீனுமாய்ப் பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. பவளம் கல் இல்லையாம், உயிராம். வெளிச்சம் பட்டால் விரியுமாம், தொட்டால் சுருங்குமாம். "அந்தாளு லட்சலட்சமாக் கொட்டியிருக்கான். நான் பத்துல ஒரு பங்குல பண்ணிக் காட்டறேன் பாரு," என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் கடைசியாக ஓர் உடன்பாடு வந்தது. மூன்று மாதம். அதற்குள் தொட்டியில் பவளம் உயிரோடு நின்றால் முன்னறை கடலுக்கு. நிற்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் எல்லாவற்றையும் அவரே பிரித்து எடுத்துவிட்டு, மெஷினைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவள் உடனே சம்மதித்தாள். இந்த மனுஷனாவது, கடலை உண்டாக்குவதாவது!

மூடிவிட்ட ஓர் உணவகத்திலிருந்து தொட்டி வந்தது. மூலையில் ஏதோ மீனின் முள்ளும் சேர்ந்தே வந்தது. கடைப் பெயர்ப்பலகையிலிருந்து கழற்றிய விளக்கு மேலே ஏறியது. தண்ணீர் வடிகட்ட ஒரு பெட்டி வேண்டும் என்று அவள் லைனிங் துணி வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கேட்காமலே ஓட்டை போட்டுவிட்டார். பிறகு, இந்தப் பைத்தியம் தெளிந்த யாரோ ஒருவரிடமிருந்து ஈரச் சாக்கில் கட்டிய பாறைகள் வந்தன. அந்தச் சாக்கை அவிழ்த்த நாளை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். விரல் நீளத்துக்கு, உடம்பெல்லாம் வெள்ளை முள்மயிர் சிலிர்த்த ஒரு புழு, சாக்கிலிருந்து நெளிந்து இறங்கி, அவள் வெட்டி வைத்திருந்த பட்டுத் துணியின் மேல் ஊர்ந்தது.

"ஐயோ! சீச்சீ! எடுங்க அதை, எடுங்க!"

"கத்தாத, அது நல்ல புழு. குப்பையைத் தின்னு சுத்தம் பண்ணும். கடையில காசு குடுத்து வாங்கணும், நமக்கு ஓசியில வந்திருக்கு."

நல்ல புழுவாம். அந்த வீட்டில் அப்போது நல்லது என்று பெயர் வாங்கிய எதைப் பார்த்தாலும் அவளுக்கு உடம்பு கூசியது.

இறால் அழுகி முடிந்ததும் கண்ணாடியில் பழுப்பாக ஒரு வழுவழுப்பு படிந்தது. அது போய், உறைந்த ரத்தம்போலச் சிவப்பாக ஒன்று மணல்மேல் பாயாக விரிந்தது. அதை உறிஞ்சி எடுக்க மோட்டார் வாங்கினால் செலவு என்று, ரப்பர் குழாயை வாயில் வைத்துத் தானே இழுத்தார். ஒரு நாள் ஒரு வாய் உள்ளேயே போய்விட்டது. முகம் கழுவும் தொட்டியில் காறித் துப்பிவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்கு," என்று சிரித்தார். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியவில்லை.

அதைவிடக் கொடுமை அந்த நுரைக் குழாய். பழைய பைப்பில் அவரே செய்தது. தண்ணீரிலிருக்கும் அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு குவளையில் சேர்க்கும். தினமும் காலையில் அந்தக் குவளையைக் கழற்றி, கறுப்பும் பச்சையுமாகக் கெட்டுப்போன குழம்புபோல நிறைந்திருப்பதை அவள் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"பாத்தியா? எவ்வளவு அழுக்கு! இதெல்லாம் தண்ணியில இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அதை என் மூஞ்சியில காட்டாதீங்க. காலங்காத்தால இந்தக் கண்றாவியையா நான் பாக்கணும்?"

அவள் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் கட்டி கட்டியாக உறைந்த புழு, வரப்போகும் மீனுக்குத் தீனியாம். துண்டுகளில் உப்புக் கறை. தரையில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாம் மாதம் முடியும்போது, அவள் எதிர்பார்க்காதது நடந்தது. தொட்டி பிழைத்துக்கொண்டது. யார் யாரோ கிள்ளிக் கொடுத்த நகத்தளவுப் பவளத் துண்டுகள் பாறையில் ஒட்டிக்கொண்டு விரிந்தன. நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்தன. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள் வந்தன. முதுகில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இறால் ஒன்றும் வந்தது. அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டால் அது ஓடிவந்து ஏறிக்கொண்டு, நக இடுக்கிலிருக்கும் கிரீஸ் அழுக்கைப் பொறுக்கித் தின்னும். அவர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்.

"இங்க வாயேன், மாப்பிள்ளை என்ன கவனிப்பு கவனிக்கறான் பாரு!"

"ஒரு இறாலை அழுக விட்டு இன்னொரு இறாலுக்கு வீடு கட்டியிருக்கீங்க. இதுல மாப்பிள்ளை வேற. நக அழுக்கைத் திங்கற மாப்பிள்ளை!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் இருபது நாள்தான் இருந்தது. இந்த அருவருப்புக்கு நடுவில், குளியலறை வாசலில் உட்கார்ந்தபடியே தன் காலம் முடியப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் வெயில் ஏறியது. தொட்டித் தண்ணீர் சூடாகிப் பவளங்கள் வாடின. குளிரூட்டும் கருவி வாங்கக் கட்டுப்படியாகாது. ஆனால் ஏசி மெக்கானிக்குக்குக் குளிரூட்ட யாரிடமும் போய் நிற்க வேண்டுமா என்ன? உடைத்த ஏசி ஒன்றின் கம்ப்ரஸரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே மாட்டினார். பளபளவென்று செம்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து வடிகட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். இருபது வருஷமாக அந்தக் குழாயைத்தான் தினமும் வளைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

"செம்பு மாதிரி குளிரைக் கடத்தறது எதுவுமே கிடையாது. கம்பெனிக்காரன்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ணமாட்டான்," என்று மார்தட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் தண்ணீர் குளிர்ந்துவிட்டது.

மறுநாள் அவருக்கு வேலை அதிகம். உப்பு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் வாங்கிக்கொண்டு வா என்று அவளை மீன்தொட்டிக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் உப்பை நிறுத்துக் கட்டிக்கொண்டே, "இந்தச் சூட்டுக்குத் தண்ணியை எப்படிம்மா சமாளிக்கறாரு உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார்.

"ஏசிக் குழாயை வளைச்சு உள்ள விட்டிருக்காரு."

கடைக்காரரின் கை அப்படியே நின்றது. "என்ன குழாய்? செம்பா?"

"ஆமா."

"ஐயையோ! உடனே எடுக்கச் சொல்லுங்கம்மா. கடல் தண்ணியில செம்பு கரையும். மீன்கூடத் தாங்கிடும். நத்தை, இறால், பவளம் ஒண்ணுகூட மிஞ்சாது. இன்னைக்கே எடுத்தா பொழைக்கும். மறக்காமச் சொல்லிடுங்க."

"சொல்றேங்க," என்றாள்.

சொல்லத்தான் நினைத்தாள். அது சத்தியம். வீட்டு வாசலில், அவளிடம் ஆறு வருஷமாகத் தைக்கிற வங்கி மேனேஜர் அம்மா காத்துக்கொண்டிருந்தார். போன வாரம் வாங்கிப்போன இரண்டு சுடிதார்களைப் பையோடு நீட்டினார். "தப்பா நினைச்சுக்காத. துணியெல்லாம் கெட்டுப்போன மீன் நாத்தம். இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஆபீஸ் போவேன்? இனிமே நான் வேற இடம் பாத்துக்கறேன்." அவர் பேசிக்கொண்டிருந்தபோதே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவமானத்தில் தையல்காரிக்குக் காது மடல்வரை எரிந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். உப்பு கிடைத்ததா என்றார், கிடைத்தது என்றாள். கடைக்காரர் ஏதாவது சொன்னாரா என்றார். ஒண்ணும் சொல்லல என்றாள்.

மூன்றாம் நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். மறுநாளும் விழுந்தன. பவளங்கள் சுருங்கின, பிறகு ஓரத்திலிருந்து கூழாகக் கரைந்து தொங்கின. உப்பை அளந்தார், பாதித் தண்ணீரை மாற்றினார், விளக்கைக் குறைத்தார். செம்புச் சுருளை மட்டும் தொடவில்லை. அது அவருடைய சொந்த வேலை, அதில் பிழை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் நடைபாதையில் உட்கார்ந்து தைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். ஜன்னலோரத்து வெளிச்சம் ஞாபகத்துக்கு வரும். வாயை மூடிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் இறால் செத்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கொசு மருந்து கிசு மருந்து எதுவும் அடிக்கலையே?" என்று கேட்டவர், உடனே தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "பைத்தியக்காரன் நான். நீ திட்டுவ, கத்துவ. இந்த மாதிரியெல்லாம் பண்ணமாட்ட."

அவள் ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில்கூட வாய் வரவில்லை. தன் நாக்கு இவ்வளவு கெட்டியானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பன்னிரண்டாம் நாள் காலையில் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவரே கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சுருளை வெளியே எடுத்தார். மீன்கள் இரண்டையும் வாளியில் விட்டார். தண்ணீரை வாளி வாளியாகக் குளியலறையில் கொண்டுபோய்க் கொட்டினார். கரைந்துபோன பவளங்களோடு பாறைகளைச் சாக்கில் கட்டினார். தொட்டியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தார். தரையை மூன்று முறை மருந்து ஊற்றிக் கழுவினார். அதன்பின் மெஷினைத் தனியாளாகத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.

அவர் கத்தமாட்டாரா என்றிருந்தது அவளுக்கு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் பதிலுக்கு நாற்பது கேட்கலாம். மூன்று மாத நாற்றத்தையும் போன வாடிக்கையையும் சொல்லிக் கிழித்துவிடலாம். அவர் கத்தவில்லை.

"கடைக்காரர் சொன்னாரு," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "அன்னைக்கே உன்கிட்ட சொல்லி அனுப்பினாராமே."

மறந்துபோச்சுங்க என்று சொல்லலாம். வேலை மும்முரத்துல மறந்தே போச்சு. சொன்னால் நம்பிவிடுவார், அப்படிப்பட்ட மனுஷன்.

"பன்னெண்டு நாள்ல ஒரு தடவைகூடவா சொல்லணும்னு தோணல?"

"தினமும் தோணுச்சுங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். மீன்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி, வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினில் துணியை வைத்தாள். நல்ல வெளிச்சம். கழுவிய தரையின் மருந்து வாசனையைத் தவிர அறையில் எதுவும் இல்லை. அவளுக்குத் தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.