பயில்வானின் தொடை

கடைத்தெருவில் எல்லாரும் அவரைப் பயில்வான் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் குஸ்தி எதுவும் போட்டவரில்லை, கறிக்கடைக்காரர். வண்டியில் வந்து இறங்கும் முழு மாட்டுத்தொடையை ஆள் உதவியில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்ததால் வந்த பெயர் அது. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்து வருஷங்கள் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது அவருக்காக அல்ல. குளியலறையில் வழுக்கி விழுந்த மனைவிக்காக. ஊதினால் பறந்துவிடுவாள் போலிருக்கும் உடம்பு அவளுக்கு. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் முதியோரைப் பார்க்கும் டாக்டரம்மா அவளை முழுசாகச் சோதித்தாள். கைப்பிடியும் முள்ளும் வைத்த, பலம் அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். மனைவி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னதையெல்லாம் செய்தாள்.

"நல்லா இருக்கீங்கம்மா. தரைதான் ஈரம், உங்க காலில் குறை இல்ல" என்றாள் டாக்டரம்மா.

பயில்வானுக்குக் கை துறுதுறுத்தது. "அதை இங்க குடுங்க டாக்டர். உடைஞ்சா என்னைத் திட்டக்கூடாது."

பல்லைக் கடித்து இறுக்கினார். முள் லேசாக அசைந்து நின்றது. கருவியில் கோளாறு என்று நினைத்து இடது கைக்கு மாற்றினார். அது இன்னும் கீழே நின்றது. மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"நாற்காலியிலிருந்து எழுந்திருங்க பார்ப்போம் ஐயா. கையை ஊனாம."

முன்னால் சாய்ந்தார். உடம்பு எழவில்லை. ஆட்டிப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். கடைசியில் கை தானாகப் போய் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

"எனக்கென்ன டாக்டர்? வாலிபத்துல இருந்த அதே எடை. ஒரு கிலோ குறையல."

"எடை குறையாததாலதான் யாருக்கும் தெரியல" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி மெதுவாக. "ஊறுகாய் பாட்டில் மூடியை இப்பல்லாம் நான்தான் திறக்கிறேன். லேசாத் திருகி வெச்சுட்டு, நீங்க திறந்த மாதிரி விட்டுடுவேன்."

 சிக்னல் மாறுவதற்குள் சாலையைக் கடக்க முடியாமல், வண்டிக்காரர்கள் அவசரக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். மறுவாரம் போனபோது டாக்டரம்மா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நடுவில் வெள்ளை வளையமாக எலும்பு. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கறி. வெளியே கொழுப்பு.

"இது தொடைத்துண்டு. எலும்போட குறுக்கா வெட்டினது" என்றார் பயில்வான் பட்டென்று.

"ஆமா ஐயா. உங்களோடது."

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போக முயன்று, பாதியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே பார்த்தார். வாழ்நாளெல்லாம் எத்தனை தொடையை அறுத்திருப்பார்! இதோ, அதே அடுக்கு. தசைகளைப் பிரிக்கும் அதே மெல்லிய ஜவ்வு. ஒரு கத்தியும் படாமல், தன் வேட்டிக்குள்ளேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது.  கோயிலுக்குள் நுழைந்தவரைப் போல அவர் குரல் தானாகத் தணிந்தது.

"இந்த வெள்ளைக் கோடெல்லாம்?"

"கொழுப்பு. தசை கரைஞ்ச இடத்துல குடியேறிடுச்சு. அதான் எடை அப்படியே இருக்கு, பலம் மட்டும் போயிடுச்சு. வயசானா தசை குறையும். உங்களுக்குக் கொஞ்சம் வேகமாவே குறைஞ்சிருக்கு."

"இப்படிக் கொழுப்பு ஓடின கறிக்குத்தான் டாக்டர் கடையில அடிச்சுக்குவாங்க" என்றார். யாரும் சிரிக்குமுன் அவர் கண் கலங்கிவிட்டது.

"என்ன சாப்பிடுறீங்க?"

"காலையில ரொட்டியும் காபியும். ராத்திரியும் அதேதான். பல்லு வலி" என்று மனைவி போட்டுக் கொடுத்தாள். ஊருக்கே கறி போட்டவர் தலைகுனிந்தார்.

"போனது திரும்பி வருமா டாக்டர்? இந்த வயசுலயா?"

"வேலை குடுத்தா வரும். சும்மா நடந்தா போதாது. தசைக்குப் பாரம் வேணும்."

பல்லைச் சரிசெய்தார்கள். முட்டையும் மீனும் பருப்பும் தட்டுக்கு வந்தன. ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்தில் காலில் ரப்பர் பட்டை கட்டி இழுக்கச் சொன்னார்கள். முதல் வாரம் மாடிப்படியைப் பார்த்தாலே தொடை அழுதது. விட்டுவிடலாம் என்று நினைத்த நாட்களில் அந்தச் சாம்பல் நிறப் படம் கண்முன் வரும். தனக்குள் இருப்பதைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவார்.

மாதங்கள் கழித்து இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"படத்துல கொஞ்சம்தான் மாற்றம். ஆனா பலம் அதைவிட எவ்வளவோ கூடியிருக்கு. தூங்கிட்டிருந்த தசைநார்களை உங்க நரம்பு எழுப்பி வேலைக்குக் கூப்பிடுது."

"யார் சொல்லிக் குடுத்தாங்க அதுக்கு?"

"யாரும் சொல்லித் தரல ஐயா. அதுக்கே தெரியும்."

வீடு திரும்பும் வழியில் அவர் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கடியில் விழுந்தது. குனிந்து, மண்டியிட்டு, கையை விட்டுத் துழாவி எடுத்தார். எழுந்து நின்று துண்டால் துடைத்தார். வாசற்படியில் மனைவி அசையாமல் நின்றிருந்தாள்.

"எதைப் பிடிச்சு எழுந்தீங்க?"

சுற்றிப் பார்த்தார். கட்டில் ஒரு எட்டு தள்ளி இருந்தது. ஒரு கையில் கண்ணாடி இருந்தது, இன்னொரு கையில் அதைத் துடைத்த துண்டு.

"தெரியல" என்றார். "நான் எழுந்ததே எனக்குத் தெரியல."

"இன்னொரு தடவை பண்ணுங்க பார்ப்போம்."

பயில்வான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவளும் எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.