வெள்ளைப் புளியங்கொட்டை

ஜன்னலை ஒட்டிய பெரிய நாற்காலியில் மேனேஜர். அவருக்கு வலப்பக்கம், விசாரணை நடத்த டவுனிலிருந்து வரவழைத்த வக்கீல். மேஜைக்கு எதிரே முதுகுச்சாய்வு இல்லாத பெஞ்சில் மாயக்காள். ஒரு முழம் இடம் விட்டு, அதே பெஞ்சில் சங்கச் செயலாளர் உக்கிரபாண்டி. கதவோரம் ஸ்டூலில் சாட்சி சொல்ல வந்த அன்னக்கொடி. மேஜையின் குறுக்கு முனையில் காகிதமும் பேனாவுமாக நான். ஆலையின் தமிழ்க் கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். எதை எழுதினாலும் முதலில் ஆட்களை உட்கார வைத்துவிட்டுப் பிறகுதான் பேச விட வேண்டும் என்று திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் பழகியவன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அது எழுபத்தெட்டாம் வருஷம். கோச்சடைக்கு அப்பால், வைகையைப் பார்த்தபடி எங்கள் நூற்பாலை. நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் பெண்கள் மட்டுமே வேலை பார்த்தார்கள். அந்த வருஷம் நூல் கண்டுகள் காணாமல் போகத் தொடங்கவே, மேனேஜர் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். ஷிப்ட் முடிந்து வெளியேறும்போது, வாசலில் வாட்ச்மேன் மலையாண்டி ஒரு தகர டப்பாவை நீட்டுவார். உள்ளே புளியங்கொட்டைகள். ஒவ்வொருத்தியும் பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம். ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த கொட்டை வந்தால் சோதனை அறைக்குப் போக வேண்டும். பித்தளை வில்லை செய்யலாமே என்று யாரோ சொன்னபோது, எதற்கு வீண் செலவு என்று புளியங்கொட்டையைச் சொன்னவர் மேனேஜர்தான். அவர் வீட்டில் யாரும் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து வெளுக்க வைத்துத் தாயம் ஆடியதில்லை போலிருக்கிறது.

'வெள்ளை வந்தவர்கள் சோதனை முடியாமல் வெளியே போகக் கூடாது' என்று வாசல் போர்டில் எழுதி மாட்டினோம்.

சோதனை அறை என்பது கழிவுப் பஞ்சு போட்டு வைத்திருந்த கொட்டடி. கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. வெளியே பஞ்சு பேல் தூக்கும் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். முதலில் பையையும் தூக்குவாளியையும் திறந்து காட்ட வேண்டும். பிறகு கொண்டையை அவிழ்க்க வேண்டும். கடைசியில் கொசுவத்தைத் தளர்த்தி, இடுப்பு மடியைப் பிரித்துக் காட்ட வேண்டும். சோதிப்பது அன்னக்கொடிதான், பெண்தான். ஆனாலும் உள்ளே போனவள் வெளியே வரும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

மாயக்காளுக்கு ஒருநாள் வெள்ளை வந்தது. பையைக் காட்டினாள். வாளியைக் காட்டினாள். முடியை அவிழ்த்து உதறினாள். மடியில் எதையோ முடிந்திருந்தாள். அதை மட்டும் பிரிக்க முடியாது என்றாள். மறுநாளே சஸ்பெண்டு. அன்றைய விசாரணையில் திருட்டு என்று முடிவானால் வேலை போய்விடும். செக்கானூரணிக்கு மேற்கே இருந்த அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான்.

"மடியில என்னம்மா வச்சிருந்தீங்க?" என்றார் வக்கீல்.

"நூல் இல்ல சார்."

"சரி. வேற என்ன?"

"நூல் இல்ல சார். ஆலைக்குத் தெரிய வேண்டியது அம்புட்டுத்தான். மிச்சம் எனக்கு."

உக்கிரபாண்டி அவள் பக்கம் சாய்ந்தார். "ஏ மாயக்கா, வெத்தல பாக்குன்னு சொல்லித் தொலையேன். வேல நிக்கும்ல?"

"வெத்தல பாக்காவே இருந்தாலும் சொல்ல மாட்டேண்ணே."

மேனேஜர் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா காட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"நீங்க குளிக்கையில கதவச் சாத்துறீகளே சார், என்னத்தத் திருடி வச்சுருக்கீக?"

உக்கிரபாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இதையும் எழுத வேண்டுமா என்று வக்கீலைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். எழுதினேன்.

அடுத்து அன்னக்கொடியை எழுப்பினார்கள். மடியில் இருந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார் வக்கீல். பார்க்கவில்லை என்றாள்.

"தொட்டியா?"

"சேலைக்கு மேல தொட்டேன். நூல் கண்டு மாதிரி இல்ல சார்."

"பின்னே எது மாதிரி?"

அன்னக்கொடி மாயக்காளைப் பார்த்தாள். மாயக்காள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத அவதான் சார் சொல்லணும். எங் கையில தட்டுப்பட்டதுக்காக அது எனக்குச் சொந்தமாயிருமா?"

"உன் வேலையும் போயிடும், தெரியுமில்ல?" என்றார் மேனேஜர். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலது கை மட்டும் மூடியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த நேரம் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது.

வழக்கமாகச் சங்கு ஓய்வதற்குள் வாசல் பக்கம் வாளிச் சத்தமும் வளையல் சத்தமும், பஸ் போயிரும்டி என்ற கூச்சலும் ஜன்னல் வழியாக வந்து விழும். அன்று ஒன்றும் வரவில்லை. மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். மலையாண்டி மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சார்... எல்லாருக்கும் வெள்ளை வந்துருச்சு சார்!"

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான் சார்!"

ஜன்னலுக்குப் போனோம். நானும் போனேன். சுற்றுப் பிரிவின் கதவிலிருந்து வாசல் வரைக்கும் ஒரே வரிசை. யாரும் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் வலது கையை முன்னால் நீட்டி விரித்திருந்தாள். அந்த உள்ளங்கைகளில் ஒவ்வொரு புளியங்கொட்டை. சாயங்கால வெயில் ஆற்று மணலைத் தாண்டி வந்து அவற்றின் மேல் பட, வரிசை நெடுகச் சின்னச் சின்னதாய் வெள்ளை மின்னியது. கோயில் திருவிழாவில் ஆயிரம் விளக்கை ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். இப்படி மேல் சிலிர்த்ததில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே அடுத்த ஷிப்ட் பெண்கள் நின்றார்கள். உள்ளே இருப்பவர்கள் நகராமல் அவர்கள் நுழைய முடியாது. பிரிவுக்குள் எந்திரங்கள் சும்மா நின்றன. அந்த ஓசை இல்லாத ஆலையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

மேனேஜர் உக்கிரபாண்டி பக்கம் திரும்பினார். "உங்க வேலையா?"

"சத்தியமா எனக்கே தெரியாது சார்," என்றார் அவர். வாய் திறந்தபடியே இருந்தது. மாயக்காளும் ஜன்னலுக்கு வந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

எல்லோரும் கீழே இறங்கிப் போனோம். வரிசையின் முதல் ஆளாக நின்றவள் முத்துத்தாய், நிறைமாதக் கர்ப்பிணி.

"டப்பாவில ஏழெட்டு வெள்ளைதானே போட்டிருந்தோம்? உங்க எல்லாருக்கும் எப்படி வந்தது?" என்றார் மேனேஜர்.

"கைராசி சார்."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது.

"வீட்டிலேர்ந்து தேய்ச்சுக் கொண்டு வந்திருக்கீங்க. பொய் சொல்றீங்க."

"நம்பலேல்ல? நம்பாதவுகளச் சோதிக்கத்தான சார் அந்த ரூமு? வெள்ளை வந்தா சோதிக்காம வெளிய விடக் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்கு. நாங்க எங்கயும் போகல. சோதிங்க."

"வயித்தோட நிக்கிறவ, முதல்ல அவளப் பாருங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கண்டு என்ன, கோனே உள்ள இருக்குதோ என்னமோ!"

முத்துத்தாயே சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. "அன்னக்கொடி, ஒவ்வொருத்தரா உள்ளே கூட்டிட்டுப் போ," என்றார்.

அன்னக்கொடி நகரவில்லை. அதுவரை மூடியிருந்த வலது கையை அவர் முன்னால் விரித்தாள். அதிலும் வெள்ளை.

"நானும் இந்த வாசல் வழியாத்தான சார் வீட்டுக்குப் போறேன். எனக்கும் வந்துருச்சு. என்னைய யாரு சோதிக்கிறது?"

அங்கே இருந்த ஆண்கள் மேனேஜர், வக்கீல், உக்கிரபாண்டி, மலையாண்டி, நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம். சோதனை அறையிலிருந்து வெளியே வருகிறவள் எப்படி நிற்பாளோ, அப்படி.

வக்கீல்தான் முதலில் பேனாவை மூடினார். "ஸ்டிரைக்குன்னு இதைச் சொல்ல முடியாது சார். உங்க போர்டுல இருக்கிறபடிதான் நடக்கிறாங்க. சோதிக்க ஆளும் இல்லை, அடுத்த ஷிப்டும் வெளியே நிக்குது. சஸ்பெண்டை ரத்து பண்ணி எழுதச் சொல்லுங்க."

அங்கேயே, மலையாண்டியின் மேஜையில் உட்கார்ந்து, மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன். மாயக்காளின் சஸ்பெண்டு ரத்து. நாளை முதல் வேலைக்கு வரலாம். இனிமேல் பையையும் வாளியையும் மட்டும் வாசலில் எல்லோர் முன்னாலும் திறந்து பார்ப்பது; உடம்பில் கை வைப்பதில்லை; அறை பூட்டப்படும். மேனேஜர் இன்னும் ஒரு வரி சொன்னார்: 'அவர் மடியில் இருந்த பொருள் இன்னதென்று தெரிவிக்காத போதிலும்...' எழுதினேன். அவர் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு மாயக்காளிடம் போனார். குரல் இறங்கியிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது. விசாரணைக்காகக் கேக்கலை. என்னதாம்மா இருந்தது?"

"வேணாம் சார். இன்னைக்கு நான் சொன்னேன்னா, நாளைக்கு இன்னொருத்திகிட்டக் கேப்பீக."

அவர் திரும்பி வந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வரியைத் தானே அடித்தார். அடித்தலோடு அனுப்ப வேண்டாம் என்று நான் வேறு தாளில் முழுக்கப் படி எடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். உரக்க வாசித்தேன். வரிசை நகர ஆரம்பித்தது. போகிறவள் ஒவ்வொருத்தியும் கொட்டையை மலையாண்டியின் டப்பாவில் போட்டாள். அது நிரம்பி வழிந்து தரையில் உருண்டது. அடுத்த ஷிப்ட் உள்ளே போக, எந்திரங்கள் ஒவ்வொன்றாக முழங்கின. அன்னக்கொடி கடைசியாகப் போட்டாள்.

கடிதத்தை மாயக்காளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"சஸ்பெண்டு கடுதாசிய ஒட்டாம அனுப்பிட்டீகண்ணே. எங்கைக்கு வாரதுக்குள்ள கடை, டீக்கடைன்னு ஊரே வாசிச்சிருச்சு. இத நல்லா ஒட்டி அரக்கு வச்சுத் தபால்ல அனுப்புங்க. நான் உடைச்சு, நான் குடுத்து, அப்புறம் ஊரு வாசிக்கட்டும்."

மேனேஜரைப் பார்த்தேன். "செய்யுங்க," என்றார்.

தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டேன். ஓரம் விடாமல் பசை தடவினேன். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி மூன்று இடத்தில் சொட்டவிட்டு, ஆலை முத்திரையை அழுத்தினேன். மேலே அவள் பெயரை எழுதினேன், வீட்டுக்காரர் பெயரையோ மாமனார் பெயரையோ முன்னால் போடாமல். அவள் அருகில் நின்று அரக்கு இறுகும் வரை பார்த்தாள். விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள். தபாலாபீசில் கடைசித் தபால் பையைக் கட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று மலையாண்டி உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.