மாதா படத்தைப் பார்த்த கள்ளன்

எண்பத்தொன்பதாம் ஆண்டு. ரத்தொட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஊரடங்குச் சட்டம் போட்டு மூன்றாவது நாள். மரியாயியின் ஒற்றை அறை லயக் காம்பராவில் நான்கு பேர் அடைபட்டுக் கிடந்தார்கள்: மரியாயி, மகன் கிறிஸ்தோபர், அவன் மூன்று வாரத்துக்கு முன் கட்டிக்கொண்டு வந்த அருள்மணி, சேலை விற்க யட்டவத்தையிலிருந்து வந்து திரும்ப முடியாமல் போன அப்துல் ஸமத் நானா.

மகன் தன்னிஷ்டத்துக்கு மாத்தளை டவுனில் பெண் பார்த்துக்கொண்டது மரியாயிக்குப் பிடிக்கவில்லை. மருமகளோடு நேரே பேசுவதில்லை. எதுவானாலும், "அவள சாப்பிடச் சொல்லுடா" என்று மகன் வழியாகத்தான். அருள்மணிக்கோ, மாமி என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

பகல் நகரவே இல்லை. ஸமத் நானாதான் பழைய கலண்டர் தாளைக் கிழித்து நான்கு சீட்டு எழுதினார். ராஜா, மந்திரி, பொலிஸ், கள்ளன். ராஜாவும் பொலிஸும் சீட்டைக் காட்டிவிட வேண்டும். மற்ற இருவரில் கள்ளன் யாரென்று பொலிஸ் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் எல்லோருக்கும் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்ற வேண்டும்.

மரியாயியைக் கண்டுபிடிப்பது அருள்மணிக்குக் கஷ்டமாக இல்லை. கள்ளன் சீட்டு வந்தால் போதும், மாமியின் கண் சுவரிலிருந்த மாதா படத்துக்குப் போய்விடும், மன்னிப்புக் கேட்பதைப் போல. ஆனால் கட்டிக்கொண்டு வந்த வீட்டில் மாமியாரைப் பார்த்துக் கள்ளன் என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்தோபரைக் காட்டினாள். அவன் மந்திரி. எழுந்துபோய்ச் சாயத்தண்ணி ஊற்றினாள். அடுத்தமுறை பொலிஸ் சீட்டு வந்தபோதும் அதேதான். மூன்றாம் முறை அவள் கேத்தலை அடுப்பில் வைக்கப் போகும்போது மரியாயி சீட்டைத் தரையில் போட்டாள்.

"இந்தா புள்ள, இங்க பாரு."

மூன்று கிழமையில் முதல்முறையாக நேரே அவளிடம்.

"நாந்தான் கள்ளன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே விட்டுட்டு விட்டுட்டுப் போற. சீனி முடியப் போவுது. வெளையாடுறதா இருந்தா ஒழுங்கா வெளையாடு. என்னைய என்ன, சின்னப் புள்ளைன்னு நெனச்சியா?"

கிறிஸ்தோபர் தலையைக் குனிந்துகொண்டான். "வெளையாடுங்க மகள்," என்றார் ஸமத் நானா, சீட்டைக் குலுக்கியபடி.

மறுபடியும் அருள்மணிக்குப் பொலிஸ் சீட்டு. கிறிஸ்தோபர் ராஜா. மிஞ்சியது மரியாயியும் ஸமத் நானாவும். நானா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மரியாயி மாதா படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்தாள்.

அருள்மணி மாமியின் பக்கம் விரலை நீட்டினாள்.

"மாமி, நீங்கதான் கள்ளன்."

மரியாயி மெதுவாகச் சீட்டை விரித்துக் காட்டினாள். மந்திரி.

"மூணு தடவையும் நான் மாதாவப் பாக்கயில ஒன் கண்ணும் அங்க போனத நான் பாத்துகிட்டுத்தானே இருந்தேன்," என்றாள். அதற்குமேல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. ஸமத் நானா கள்ளன் சீட்டைத் தொப்பியின் மேல் வைத்துக்கொண்டு கும்பிட்டார். அருள்மணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயத்தண்ணியை மரியாயியே ஊற்றினாள். மருமகளின் கோப்பையில் மட்டும் இரண்டு கரண்டி சீனி.

அடுத்த நாள் காலை நான்கு மணித்தியாலத்துக்கு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். ஸமத் நானா சேலை மூட்டையோடு பஸ்ஸுக்கு ஓடினார். மாமியாரும் மருமகளும் கூட்டுறவுக் கடை வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பக்கத்துக் காம்பரா சுந்தரம்மா மெல்லத் திரும்பி, மருமகள் எப்படி என்று விசாரித்தாள்.

"ஐயோ, அத ஏன் கேக்குற," என்றாள் மரியாயி, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "வந்து மூணு கெழமதான் ஆகுது, என்னையப் பாத்துக் கள்ளன்னு சொல்லிட்டா."

சுந்தரம்மா அருள்மணியை மேலும் கீழும் பார்த்தாள். மரியாயி அதற்குள் காலிப் பையின் ஒரு காதை மருமகள் கையில் கொடுத்து, வரிசையில் அவளைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.