சோத்தாங்கை

1

இந்தக் கதை என் மணிக்கட்டு முறிந்ததால் வந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் முன் மொச்சையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொன்னார். எழுதுகிறவனிடம் மொச்சை பொறுக்கச் சொல்வதா என்று எனக்குக் கோபம். "இந்தக் கை உங்களுக்கு எதுக்கு வேணும், சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு 1945க்கு ஓடிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பர்மாச் சண்டையின் பேரோசை இன்னும் அவன் காதுகளில்...' வேண்டாம். அந்த ஓசையை நான் கேட்டதில்லை.

இரண்டாவது: மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. எழுமலைக்காரன் நல்லகாமன் சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு, வலது கை விரல்கள் மடங்காமல் கிடக்கிறான். ஆவணியில் கல்யாணம். நர்ஸ் சீதாலட்சுமி, முடங்கிய கைகால்களுக்கு வேலை கொடுத்தே அவற்றைப் பழக்குகிறவள். (இதற்கு இன்று படிப்பும் பட்டமும் உண்டு. அன்று 'வேலை குடுக்கிற நர்சம்மா', அவ்வளவுதான்.) சௌராஷ்டிரப் பெண், வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு வளர்ந்தவள். ஆகவே துணியையும் நூலையும் நீட்டினாள்.

"தாலிக்கு மூணு முடிச்சுப் போடணும்ல, தம்பி. இதுல பழகுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு மாதம் போட்டான்.

3

முடிவையும் எழுதிவிட்டேன். கெட்டிமேளம், மூன்று முடிச்சு, சீதாலட்சுமி கண்ணைத் துடைக்கிறாள். அந்தப் பெருமையில் எழுமலை நண்பர் பேயாண்டியிடம் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரிண்ணே. எங்க பக்கம் தாலிய மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சில்ல கட்டும்?"

போச்சு. தப்பு என்னுடையது. ஆனால் எனக்கும் மானம் இருக்கிறதே. அந்தத் தப்பைச் சீதாலட்சுமி தலையில் கட்டுகிறேன்.

4

ஆக, மூன்று முடிச்சும் சரியாக விழுந்த அன்று அவள் பூரித்துப் போனாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தாலி எங்க அக்கா சோலையம்மா கட்டும், நர்சம்மா."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையாச் சொன்னீக."

"அப்ப இந்தக் கை எதுக்குத்தான் வேணும்?" முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது சோத்தாங்கை நர்சம்மா. ஆறு மாசமா ஆளில்லாத நேரம் பாத்துப் பீச்சாங்கையால திங்கிறேன். பந்தியில பொண்ணு பக்கத்துல உக்காந்து, நாலு பேரு பாக்க, இதால சாப்புடணும். அம்புட்டுத்தான்."

அவள் இத்தனை நாளும் அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வலது கை' என்றே எழுதி வந்திருந்தாள். துணியை மடித்து வைத்துவிட்டு, ஒரு தட்டுச் சோறு கொண்டுவரச் சொன்னாள். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது.

5

நூலைப் பிடிப்பது வேறு, குழம்பு ஊற்றிய சோற்றை அள்ளுவது வேறு. வார்டில் பாதி வாய்க்குப் போனது, பாதி மடிக்குப் போனது. அவள் ஊட்டிவிடவில்லை. ஊட்டியிருந்தால் எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருக்கும்.

[இருபதை நாற்பது நாளாக்கலாமா? ஆவணி எனக்காகக் காத்திருக்காது.]

பந்தி. பக்கத்தில் புதுப்பெண் ஒச்சாயி. இலையில் சோறு விழுந்தாயிற்று. பீச்சாங்கையை மடியில் வைத்துவிட்டான். சோத்தாங்கை இலைக்கு வருகிறது, விரல்கள் சோற்றைக் கூட்டி...

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. சாப்பிடுகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், நீங்களும் திருப்பிக்கொள்ளுங்கள். தெரிந்தே ஆகவேண்டும் என்றால், பந்தி எழுந்த பிறகு போய் அவன் இலையைப் பாருங்கள்.