பொரிக்காத முட்டை

பன்னிரண்டாம் பாகம் வந்துவிட்டது என்று மாமா மகன் பிரேம் போனில் சொன்னதும் கோகுலகிருஷ்ணன் துப்பாத குறைதான்.

பூதங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு அது. பெயர் 'பூதக்காடு'. ஏழாம் வகுப்பில் இருவருக்கும் சிங்கப்பூர் மாமா அதன் முதல் பாகத்தோடு ஆளுக்கொரு கையடக்க விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். அதில் ஒரு குகை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், இரண்டு பேரும் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் இடது, சிவப்பு வந்தால் வலது. பரீட்சைக்குத்தான் கேட்கிறார்கள் என்று பூசாரி திருநீறு பூசி அனுப்பினார். அம்மன் காட்டிய வழியில் மூன்று முறை செத்து, நான்காம் முறை ஆளுக்கொரு முட்டை கிடைத்தது.

அது பொரிக்கவே இல்லை. உள்ளே என்ன என்று விளையாட்டைச் செய்தவனும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் குவாரியில் உருண்டைக் கல் கிடைத்தால்கூட இருவரும் காதில் வைத்துக் கேட்டார்கள்.

பிறகு வந்த பாகங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. எந்தப் புதரில் எந்தப் பூதம், எவ்வளவு எடை, என்ன தின்னும், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. ஆயிரத்துச் சொச்சம் பூதங்களில் ஒன்றைப் பார்த்தாவது பயம் வந்ததா? ஒன்றுக்குத் தொப்பி, இன்னொன்றுக்குக் கூலிங்கிளாஸ்.

சிமென்ட் ஆலையில் நாள் முழுக்கத் தூளைச் சோதித்து அலுத்து வருகிற கோகுலகிருஷ்ணன், பீரோவிலிருந்து பழைய பெட்டியை எடுத்து அந்த முட்டையைப் பார்ப்பான். தனக்குத் தெரியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"இதுல அந்த முட்டையப் பொரிக்கலாமாம்டா," என்றான் பிரேம். "ஆனா புதுசுக்கு மாத்துனா பழைய பெட்டில இருக்காது. திரும்பியும் வராது."

"மானங்கெட்ட பயலுவ. அதையும் விட்டு வைக்கலயா?"

திட்டிய வாயோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் பிரேமின் மொபைல் கடைக்குப் போய் நின்றான்.

"வேணாம் மாப்ள. நானே என்னோடத மாத்தல."

"நீ பயந்தாங்கொள்ளி. இவனுவ என்னதான் கிழிச்சிருக்கானுவன்னு பாக்குறேன்."

கடையிலிருந்த புதுப் பெட்டியோடு பழையதை இணைத்ததும், மாற்றலாமா என்று திரை கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினான். ஓடு விரிசல் விடும் முன்பே பூதத்தின் விவரச் சீட்டு திரையில் வந்துவிட்டது. எண் 1147. குணம்: சாந்தம். பிடித்தது: பழம். அப்புறம்தான் ஒரு மஞ்சள் குட்டி எழுந்து கையசைத்தது.

கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தான். பிரேம் பழைய பெட்டியை அவன் பக்கம் திருப்பி வைத்தான். முட்டை இருந்த கட்டம் காலி.

"கம்பெனிக்காரன் உன் வூட்டுக்கு வந்தா புடுங்குனான்? அமுக்குனது நீதான மாப்ள."

கோகுலகிருஷ்ணன் காலிக் கட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"உன்னோடது இருக்குல்ல? ஒரு தடவ காட்டேன்."

பிரேம் தன் பெட்டி இருந்த மேஜை டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"உங்கிட்ட மட்டும் தர மாட்டேன்."